கிளட்ச் கெட்டியா இருக்கா? என்னை மாதிரி 1,850 வெள்ளி தண்டம் அழாதீங்க

இன்னிக்குக் காலையிலதான் உண்மை தெரிஞ்சது. இன்னும் கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. 1,850 வெள்ளி (ரிங்கிட்). செம்பனை ஆலையில ராத்திரி ஷிப்ட் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

மோட்டார் சைக்கிள் எங்க தாத்தாவோடது. பி.எஸ்.ஏ. பி31, 1956 மாடல், 350 சிசி. தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல டிரெஸரா, அதாவது தோட்ட ஆஸ்பத்திரி மருந்து உதவியாளரா இருந்தாரு. 1948ல கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைச் சுட்டு, மலாயாவுல அவசரகாலம் தொடங்குன ஊரு இது. லயத்துல யாருக்காவது காய்ச்சல்னா, அந்தக் கெடுபிடியிலயும் மருந்துப் பெட்டியோட இதுலதான் போவாராம். டேங்க்ல இடது பக்கம் ஒரு நசுங்கல் இருக்கு. எருமை முட்டுனது. அதை நிமித்தக் கூடாதுன்னு பாட்டி சொல்லிட்டாங்க, இன்னி வரைக்கும் அப்படியே இருக்கு.

கிளட்ச் ரொம்ப நாளாவே கெட்டி. பசார்ல நாலு சிக்னல் தாண்டுறதுக்குள்ள இடது மணிக்கட்டு செத்துப் போயிடும். சித்தப்பா இருந்தா அவரே பார்த்திருப்பாரு. அவரு போன பிறகு எனக்கு யாரைத் தெரியும்? பழைய வெள்ளைக்கார மோட்டார் மட்டுமே பார்க்குற பட்டறைன்னு ஒண்ணை முகநூல்ல பார்த்தேன். பேரு போட மாட்டேன், கேக்காதீங்க.

நான் ஏமாந்த இடம் எதுன்னு இப்ப யோசிச்சா நல்லாத் தெரியுது. அந்த ஆளு முதல்ல கிளட்ச்சைத் தொடவே இல்ல. குந்தி உக்காந்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தாரு. "யாரு மோட்டார் தம்பி இது?"ன்னு கேட்டாரு. தாத்தா கதையைச் சொன்னேன். "எங்கப்பாவும் தோட்டத்துத் தண்டல்தான். எவன் எவ்வளவு குடுத்தாலும் இதை வித்துடாதீங்க"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அப்புறம்தான் லீவரை ஒரு அமுக்கு அமுக்கிட்டு, "பிளேட், ஸ்பிரிங் எல்லாம் போச்சு. முழு செட்டும் இங்கிலாந்துல இருந்து வரணும்"னு முடிச்சாரு. ஒரு மூடியைக்கூடக் கழட்டல. அந்த நிமிஷமே நான் சுதாரிச்சிருக்கணும். முன்பணம் 1,000 வெள்ளி எண்ணிக் குடுத்தேன். ரசீது? ஒரு துண்டுத் தாள்ல "கிளட்ச் - 1,000". முத்திரை கிடையாது, சாமான் பட்டியலும் கிடையாது.

அஞ்சு வாரம் ஆச்சு. "கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு தம்பி." "பையன் லீவு." "நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனா கடை பூட்டியிருக்கும். கடைசியா மீதி 850 வெள்ளியையும் வாங்கிக்கிட்டு மோட்டாரைக் குடுத்தாங்க. லீவர் வெண்ணெய் மாதிரி இருந்துச்சு! ரெண்டு விரல் போதும். கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேங்க நான்.

மறுநாள் லிந்தாங் ரோட்டு மேட்டுல மூணாவது கியர்ல போறேன், இஞ்சின் கத்துது, வண்டி நகரல. கருகுன வாடை. கிளட்ச் வழுக்குது. திரும்பக் கொண்டு போனா, உள்ள எடுத்துட்டுப் போயி பத்து நிமிஷத்துல வெளிய வந்தாரு. இப்ப வழுக்கல, ஆனா லீவர் முன்ன இருந்ததைவிடக் கெட்டி. "புது பிளேட்டு, ஓடி ஓடித்தான் பழகும்." அதுக்கப்புறம் வாட்ஸ்ஆப்ல நீலக் கோடு மட்டும்தான் வருது, பதில் வரல. ஒரு தடவை போன் எடுத்து, "வாராண்டி சாமானுக்கு மட்டும்தான், வேலைக்கு இல்ல"ன்னு வச்சுட்டாரு.

இன்னிக்குக் காலையில எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்குற ரிட்டையர் ஆன ஃபிட்டர் மாமா திறந்து பார்த்தாரு. பிளேட்டை ஒண்ணொண்ணா எடுத்து பழைய பேப்பர்ல வரிசையா வச்சாரு. ஒவ்வொண்ணுலயும் ஆணியால கீறுன 1, 2, 3. சித்தப்பா கையெழுத்து! வரிசை மாறக் கூடாதுன்னு வருஷக்கணக்குக்கு முன்னாடி அவரு கீறி வச்சது. ஒரு பிளேட்டைக்கூட மாத்தல. முதல்ல ஸ்பிரிங் நட்டைத் தளர்த்தி விட்டிருக்கான், அதான் வெண்ணெய். நான் திரும்பப் போனதும் இறுக்கி விட்டான். அவ்வளவுதான் 1,850 வெள்ளிக்கு நடந்த வேலை.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? கேபிள் டேங்குக்கு அடியில மடங்கி, உறைக்குள்ள நாலஞ்சு இழை அறுந்து சிலும்பிக் கிடந்துச்சு. புஷ் ராட், அதாவது உள்ள இருந்து பிளேட்டைத் தள்ளி விடுற கம்பி, அதோட முனை எண்ணெய் காணாமக் காஞ்சு போயிருந்துச்சு. அப்புறம் லீவர். லீவர் திரும்புற ஆணிக்கும் கேபிள் குமிழ் உக்கார்ற குழிக்கும் நடுவுல உள்ள தூரம் பழைய இங்கிலீஷ் லீவர்கள்ல ரெண்டு அளவுல வரும், 7/8 அங்குலமும் 1 1/16 அங்குலமும். தூரம் கூடுனா கேபிள் அதிகமா இழுபடும், கைக்கும் பாரம் கூடும். என்னோடதுல இருந்தது பெருசு. மாமா தன் பெட்டியில கிடந்த 7/8 லீவரைப் போட்டு, புது கேபிளை வளைவு இல்லாம ஓட்டி, எண்ணெய் விட்டாரு. ஸ்பிரிங் நட்டுகளைப் பிளேட் கோணாமத் தூக்குற அளவுக்குச் சமமா வச்சாரு. இப்ப கிளட்ச் முழுசா விடுது, மேட்டுல வழுக்கவும் இல்ல. செலவு கேபிளுக்கு 35 வெள்ளி, மாமாவுக்கு ஒரு தே தாரே டீ.

பத்து விஷயம் சொல்லணும்னுதான் உக்காந்தேன், கோவத்துல பாதி மறந்து போச்சு. கிளட்ச் கெட்டின்னா முதல்ல கேபிளை ரெண்டு முனையிலயும் கழட்டித் தனியா இழுத்துப் பாருங்க. அப்பவே முரண்டு பண்ணினா உள்ள எதையும் தொடாதீங்க. மாத்துன பழைய சாமானைக் கையில வாங்காம மீதிக் காசைக் குடுக்காதீங்க. ரசீதுல சாமான் பேரு, கடை முத்திரை ரெண்டும் இருக்கணும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல அஞ்சு வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். நான் திங்கக்கிழமை போறேன், அந்தத் துண்டுத் தாளையும் வாட்ஸ்ஆப் பேச்சையும் எடுத்துக்கிட்டு.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே தங்கச்சி போனைக் கொண்டு வந்து காட்டுறா. அந்தப் பட்டறையோட முகநூல் பக்கத்துல புதுப் படம் போட்டிருக்காங்க, "முழு கிளட்ச் மறுசீரமைப்பு, இங்கிலாந்து அசல் சாமான்"னு. டேங்க்ல எருமை முட்டுன நசுங்கல் பளிச்சுனு தெரியுது. கீழ நான் ஒரே ஒரு வரி போட்டேன். ரெண்டு நிமிஷத்துல என்னை பிளாக் பண்ணிட்டாங்க.