பாலில்லாத சாக்லேட்: கொழுப்பும் தண்ணீரும் படுத்திய பாடு

வீகன், அதாவது பாலோ வேறு விலங்குப் பொருளோ சேராத, சாக்லேட் மிட்டாய் வீட்டிலேயே செய்கிறேன் என்றால் உடனே வரும் கேள்வி, "பாலுக்குப் பதில் என்ன போடுவீர்கள்?" என்பதுதான். சாக்லேட்டைப் பொறுத்தவரை அது அவ்வளவு பெரிய கேள்வியே இல்லை. 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துச் சாப்பிடும் சாக்லேட்டை வார்த்தபோது அதில் கோகோவும் சர்க்கரையும், கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெயும்தான் இருந்தன. சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் அதில் பாலைச் சேர்த்தது 1875 வாக்கில்தான். சில ஆண்டுகளாக பார், மென்மையான சாக்லேட் உருண்டையான ட்ரஃபிள், உள்ளே பூரணம் வைத்த மிட்டாய் என்று மாற்றி மாற்றிச் செய்துவருகிறேன். பால் இல்லையே என்று ஒருநாளும் திண்டாடியதில்லை. படுத்தியெடுத்ததெல்லாம் கொழுப்பும் தண்ணீரும்தான்.

எல்லோரும் முதலில் செய்துபார்ப்பது தேங்காய் எண்ணெய் சாக்லேட். எண்ணெயை உருக்கி, கோகோ பவுடரும் இனிப்பும் கலந்து, அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. ருசியும் மோசமில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் போதும், எடுப்பவர் விரலெல்லாம் சாக்லேட். கடித்தால் டக்கென்று உடையாது, நசுங்கும். அவசரத்துக்கு வீட்டில் சாப்பிட ஆகும். டப்பாவில் போட்டு யாருக்கும் கொடுக்க ஆகாது. இனிப்புக்கு மேப்பிள் சிரப் மாதிரி பாகு ஊற்றினால் அதிலிருக்கும் தண்ணீர் கொழுப்போடு சேராமல் அடியில் தங்கிவிடுவதும் உண்டு. பொடித்த சர்க்கரைதான் இதற்குச் சரி.

கோகோ வெண்ணெய் வேறு ரகம். சரியாக இறுகியிருந்தால் சுமார் 34 டிகிரி வரை கெட்டியாக நிற்கும். வாயின் சூடு 37-க்குப் பக்கம். கையில் நின்று வாயில் கரைகிறதே, அதெல்லாம் இந்தச் சின்ன இடைவெளியின் தயவு. விலை அதிகமாச்சே, பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலக்கலாமா என்றால், வேண்டாம். இரண்டும் ஒத்துப்போகாத கொழுப்புகள். கலவை இரண்டையும்விட இளகலாகிவிடும், நாள் போகப்போக மேலே வெளுப்பும் பூக்கும்.

அடுத்தது டெம்பரிங், அதாவது உருக்கிய சாக்லேட்டைக் கிளறி ஆறவைத்துச் சரியான படிகமாக இறுகச் செய்வது. இதைப் பற்றி ஏகப்பட்ட பயமுறுத்தல் உண்டு. விஷயம் இவ்வளவுதான்: கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. பளபளப்பும் 'டக்' சத்தமும் அதில்தான். நான் கடைப்பிடிப்பது விதை முறை: உருக்கிய சாக்லேட்டில் உருக்காத சாக்லேட்டைப் போட்டு அதன் படிகத்தை விதைப்பது. டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை நறுக்கி, டபுள் பாய்லரில் (சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த பாத்திரத்தில்) 45 டிகிரிக்கு உருக்குவேன். இறக்கியதும் முதல் வேலை பாத்திரத்தின் அடியைத் துணியால் துடைப்பது. அங்கே தொங்கும் துளி உள்ளே போனால் கதை முடிந்தது. அப்புறம் மீதிப் பங்கைப் பொடியாக நறுக்கி, பிடிபிடியாகப் போட்டுக் கிளற வேண்டும். தெர்மாமீட்டர் 38, 36, 34 என்று இறங்க இறங்கக் கரண்டிக்கு அடியில் குழம்பு தடிப்பது கைக்கே தெரியும். 32-க்கு வந்ததும் கத்தி முனையை அதில் தோய்த்து ஓரமாக வைத்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் ஒரே சீராகப் பளபளவென்று இறுகினால் ஊற்றலாம். கோடுகோடாக மங்கிப்போய், தொட்டால் ஒட்டினால், இன்னும் கொஞ்சம் நறுக்கிய சாக்லேட், இன்னும் கொஞ்சம் கிளறல். அச்சில் ஊற்றி முடிக்கும்வரை 31, 32-லேயே வைத்திருக்க வேண்டும். ஆறுகிறதே என்று திரும்ப அடுப்பில் காட்டி 35-ஐத் தாண்டவிட்டால் உண்டான படிகமெல்லாம் கரைந்துபோகும், மறுபடி முதலிலிருந்துதான்.

ஆகவே செலவழிப்பதாக இருந்தால் முதலில் தெர்மாமீட்டருக்குச் செலவழியுங்கள். உள்ளே குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை. தூரத்திலிருந்து ஒளியைக் காட்டிப் பார்க்கும் வகை மேற்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும், அடியில் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. அச்சுகளில் சிலிகான் வாங்குவது எளிது, மிட்டாயைப் பிதுக்கி எடுப்பதும் எளிது. ஆனால் பளபளப்பு குறைவு, வேறு சமையலுக்கும் பயன்படுத்தினால் அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அச்சில் வார்த்தது கண்ணாடிபோல வரும். டெம்பரிங் சரியில்லாவிட்டால் அதிலிருந்து மிட்டாய் வரவே வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள். உள்ளே கீறல் விழுந்தால் பளபளப்பு போச்சு. பஞ்சால் துடைத்தால் போதும்.

உருக்கிய சாக்லேட்டில் சில துளி தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் திடீரென்று கட்டிதட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், அதைச் சரிசெய்வதும் தண்ணீர்தான். 100 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி அளவு சுடுநீரோ ஓட்ஸ் பாலோ ஊற்றிக் கிளறினால் திரும்ப வழவழப்பாகிவிடும். அச்சில் வார்க்க ஆகாது. சாஸாக, பூரணமாக ஓட்டிக்கொள்ளலாம்.

தண்ணீரை வேண்டுமென்றே சேர்ப்பது கனாஷில், அதாவது சூடான திரவத்தில் சாக்லேட்டைக் கரைத்துச் செய்யும் மென்மையான பூரணத்தில். வழக்கமாகக் கொழுப்பு மிகுந்த கிரீமில் செய்வார்கள். நமக்குக் கெட்டித் தேங்காய்ப்பால். ட்ரஃபிள் உருட்ட 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 கிராம் என்பது என் அளவு. கோகோ 70 சதவீதத்துக்கு மேல் போனால் இன்னும் ஓரிரு கரண்டி தேவைப்படும். சூடான தேங்காய்ப்பாலை நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து சின்னச் சின்ன வட்டமாகக் கிளற வேண்டும். முதலில் திட்டுத்திட்டாக, கெட்டுப்போன மாதிரித்தான் தெரியும். நடுவில் பளபளப்பான வட்டம் ஒன்று உருவாகி, கிளறக் கிளற அது ஓரம்வரை விரியும். அப்படி விரியாமல் ஓரத்தில் எண்ணெய் மணிமணியாகப் பிரிந்து நின்றால், கொழுப்புக்குத் தகுந்த தண்ணீர் இல்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான தாவரப் பால் ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும். இந்த இடத்தில் பயந்துபோய் இன்னும் சாக்லேட்டை அள்ளிப் போடக்கூடாது. கொழுப்பு கூடி, பிரிவதும் கூடும்.

தேங்காய்ப்பாலின் ஒரே தொல்லை அதன் வாசனை. எதைப் போட்டாலும் தேங்காய் முன்னால் வந்து நிற்கும். ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் காபித்தூளும் அதைப் பின்னுக்குத் தள்ளும், முழுக்க மறைக்காது. அது பிடிக்காதவர்களுக்கு சோயா, ஓட்ஸ் கிரீம் நன்றாகவே வேலை செய்கிறது. கொழுப்பு குறைவாக இருந்தால் அளவைச் சற்றுக் குறைத்து ஊற்றினால் சரி. எதில் செய்தாலும் ஈரம் உள்ள பூரணம், ஃப்ரிட்ஜில் வைத்தும் ஒரு வாரத்துக்குமேல் நான் நம்புவதில்லை.

நாள்பட வைக்க வேண்டுமென்றால் என் தேர்வு ஹேசல்நட் பூரணம். பருப்பை வறுத்துத் தோல் நீக்கி, கேரமலாக்கிய சர்க்கரையோடு மிக்ஸியில் அரைக்க வேண்டும். முதலில் பொடி, பிறகு கட்டி, பொறுமையாக விட்டுவிட்டு அரைத்தால் எண்ணெய் விட்டுக் குழம்பாகும். அதில் உருக்கிய டார்க் சாக்லேட்டைக் கலந்தால் முடிந்தது. தண்ணீரே இல்லாததால் வாரக்கணக்கில் கெடாது. செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பால் சாக்லேட் ருசிக்கு ஏங்குபவர்களும் இதற்கு மயங்கிவிடுகிறார்கள்.

வாங்கும் சாக்லேட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் எடுக்காதீர்கள். டார்க் என்று போட்டிருந்தாலும் பால்கொழுப்பும் பாலின் சர்க்கரையான லாக்டோஸும் பொருள் பட்டியலில் ஒளிந்திருக்கலாம். 'பால் இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை வேறு சங்கதி. அது ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் ஓடுவதால் போடுவது. பால் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுப்பதானால் அதையும் தவிர்த்தே ஆக வேண்டும். மேலே தூவும் பளபள மணிகளில் அரக்குப்பூச்சியிலிருந்து எடுக்கும் ஷெல்லாக், அதாவது இ 904, இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிட்டாய் வெளுத்துப்போனால் பதற வேண்டாம், கெட்டுப்போகவில்லை. விரலால் தேய்த்து மறைந்தால் மேலே வந்தது கொழுப்பு. மறையாமல் சொரசொரவென்றிருந்தால் சர்க்கரை, அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே திறந்ததால் வியர்த்திருக்கிறது. மூடிய டப்பாவோடு வெளியே வைத்து, குளிர் விட்டபின் திறந்தால் இது வராது. ஃப்ரிட்ஜே தேவைப்படாத 18 டிகிரிக் குளிர்ச்சி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

வெள்ளைச் சாக்லேட் மட்டும் நான் வீட்டில் செய்வதை விட்டுவிட்டேன். கோகோ வெண்ணெய், பொடித்த சர்க்கரை, தேங்காய்ப்பால் பவுடர் என்று பொருள் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் நாக்குக்கு நறநறக்காமல் இருக்கத் துகள்கள் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே அரைபட வேண்டும். மிக்ஸியால் அது முடியாது. மணிக்கணக்கில் ஓடும் கல் அரைப்பான் ஒன்றை இதற்காகவே வாங்கும் எண்ணம் எனக்கில்லை. தேவைப்படும்போது கடையில் வாங்கிக்கொள்கிறேன்.