சுவருக்குக் கறுப்புப் பெயிண்டா, ஜன்னலுக்குக் கம்பி வலையா?

ஓசூரில் பிளாட் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர், பார்க்கிங் விசாரித்த கையோடு எதிர்மாடியில் செல்போன் டவர் நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறார்கள். நின்றால், அதன் அலை உடம்புக்கு ஆகாதோ என்ற பயத்தில், அலையைத் தடுக்கும் பெயிண்ட் அடித்துவிடலாமா என்ற யோசனை வருகிறது. பக்கத்து பெயிண்ட் கடையில் எமல்ஷன் வாங்குவதுபோல் வாங்கிவிடக்கூடிய சரக்கு அல்ல அது; பெரும்பாலும் இணையத்தில்தான் வரவழைக்க வேண்டும், விலையும் லிட்டருக்கு ஆயிரக்கணக்கில். அந்தக் காசுக்கு வேறு வழிகளும் இருப்பதால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

பெயிண்டிலிருந்து தொடங்குவோம். வீட்டுச் சுவருக்கென்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை கரித்தூளும் கிராஃபைட்டும் கலந்த, தண்ணீரில் கரையும் பெயிண்ட். காய்ந்தால் கன்னங்கறுப்பு. அதன்மேல் வழக்கமான எமல்ஷன் அடித்துக்கொள்ளலாம், அதனால் தடுப்பு குறையாது. ஒரு கோட்டுக்கு 30 முதல் 40 டெசிபல் வரை தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓட்டையே இல்லாத ஒரு தகட்டை ஆய்வகத்தில் வைத்து அளந்த கணக்கு. நம் அறைக்கு ஜன்னல் உண்டு, கதவு உண்டு, மேலே கூரையும் உண்டு.

10க்கு 12 அடி அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. லிட்டருக்கு 80 சதுர அடி வரும் என்று வைத்தால், ஜன்னல் கதவைக் கழித்துவிட்டு, ஒரு கோட்டுக்கே ஐந்து லிட்டர் வேண்டும். இங்கே நம் பெயிண்டர்களின் கைப்பழக்கம் ஒன்று குறுக்கே வரும்: டப்பாவைத் திறந்ததும் தண்ணீர் ஊற்றுவது. எமல்ஷனில் அது பரவாயில்லை. இதில் தடுப்பதே காய்ந்த படலத்தின் கனம்தான். தண்ணீர் கூடினால் தடுப்பு குறையும். கரித்தூள் அடியில் தங்கும் என்பதால் அடிக்கடி கலக்கவும் வேண்டும். தர்மபுரி பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவர்மேல் நேராக அடித்தால் உரிந்து வந்துவிடும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டுத்தான் தொடங்க முடியும். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜன்னல். சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறது, நாலடி ஜன்னலில் முழுதாக வருகிறது என்றால், அறைக்குள் இருப்பது ஜன்னலில் வந்ததுதான். இந்த ஒப்பீட்டில் எவர்சில்வர் கம்பிக் கொசுவலை மேலே ஏறுவது இதனால்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர், 5ஜி ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸில் எட்டரை சென்டிமீட்டர். வலைக்கண் அலைநீளத்தைவிட எவ்வளவு சின்னதோ அவ்வளவு தடுக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கண் உள்ள வலை 3,500இல்கூட ஏறத்தாழ 29 டெசிபல் தடுக்க வேண்டும் என்கிறது தோராயக் கணக்கு. விலை உயர்ந்த பெயிண்ட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது, கூடவே கொசுவும் வராது! ஆனால் கடையில் தருவதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. நைலான் வலை, ஃபைபர் வலை இரண்டும் அலையைத் தொடக்கூட மாட்டா. பூச்சு பூசிய கம்பியென்றால் குறுக்குக் கம்பிகள் ஒன்றையொன்று மின்சாரம் கடக்கும்படி தொடாது, பலன் குறையும். வலை அடித்த சட்டத்தையே திறந்து வைத்தால் எந்த வலையும் கணக்கில் வராது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் விரிசல் விழாமல் மேஸ்திரி சிக்கன் மெஷ் அடிப்பார் அல்லவா, அதையே டவர் பார்க்கும் சுவர் முழுக்க ஓவர்லாப் விட்டு அடித்துப் பூசிவிடலாம். செலவு பெயிண்ட்டில் ஒரு துளி. ஆனால் கண் ஒரு அங்குலம் என்றால் 900இல் பதினாறு டெசிபல்போல வரும், 3,500இல் ஐந்துகூட வராது. அரை அங்குலக் கண் வாங்கினால் இரண்டிலும் ஆறு டெசிபல் கூடும். பூசி முடித்த வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அலுமினியம் ஃபாயில்? தடுக்கும் சக்தியில் பெயிண்ட்டை மிஞ்சும், விலையில் பக்கத்திலேயே வராது. ஆனால் ஈரம் வாங்கும் சுவரில் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், பார்க்கவும் சகிக்காது. பீரோவுக்குப் பின்னால் மறைகிற இடத்துக்கு நல்லது. வெள்ளி நூல் கலந்த கட்டில் வலையும் விற்கிறார்கள். கீழே தரைப்பக்கம் திறந்திருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

பெயிண்ட்டில் எர்த் விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டவர் அலையைத் தடுக்க எர்த் தேவையில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரின் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை அடக்கத்தான் எர்த் வேண்டும். ஆனாலும் கொடுத்தே ஆக வேண்டும், வேறு காரணத்துக்காக: முழுச் சுவரும் மின்சாரம் கடத்தும் பரப்பாகிவிடுகிறது. நாளை யாரோ காலண்டர் மாட்ட ஆணி அடித்து லைவ் ஒயரைத் தொட்டால் சுவரே ஷாக் அடிக்கும். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத, எர்த் குழி காய்ந்துபோன வீட்டில் இந்தப் பெயிண்ட்டை அடிக்கவே வேண்டாம் என்பேன். வயல்மேல் உயர் அழுத்தக் கம்பி போகிறது என்று கேட்பவர்களுக்கு: அதன் காந்தப்புலத்தை இந்தப் பெயிண்ட்டோ, வலையோ, ஃபாயிலோ எதுவும் தடுக்காது. தூரம் ஒன்றுதான் குறைக்கும்.

வேலை முடிந்ததும் போன் அடித்துப் பார்த்து, மணி அடித்தால் பெயிண்ட் வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டவருக்கு அருகில் சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் போன் தாராளமாகப் பேசும். போனின் செட்டிங்கில் சிம் நிலவரத்தில் சிக்னலின் அளவைச் சொல்லும் டிபிஎம் எண் தெரியும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று அதைப் பாருங்கள். மைனஸ் 60 என்பது மைனஸ் 85 ஆனால் 25 டெசிபல் தடுத்திருக்கிறது என்று அர்த்தம். இடையில் போன் வேறு டவருக்கு மாறிவிட்டால் கணக்கு தப்பும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்படித் தடுத்த அறைக்குள் போனை வைத்துக்கொண்டு பேசினால் அது டவரை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டும், காதோரத்திலேயே. உள்ளே வைஃபை ரவுட்டர் இருந்தால் அதன் அலையும் கறுப்புச் சுவரில் பட்டு உள்ளுக்குள்ளேயே திரும்பும். ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை. தூரம் இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும்.

பயத்தின் அளவையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் தரக்கூடும், ஆனால் சான்று குறைவு என்ற பிரிவு அது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாக்கியது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களின் விவரம் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் வீட்டருகே அளந்து தரும் ஏற்பாடும் அதில் உண்டு, 2017இல் தொடங்கியபோது 4,000 ரூபாய். ஐந்து லிட்டர் பெயிண்ட் வாங்குவதற்கு முன் அதைச் செய்வதே என் யோசனை. உங்கள் மொட்டைமாடியிலேயே டவர் இருந்தால் நேர் கீழே உள்ள அறையைவிட, ஆன்டெனாவின் உயரத்தில் எதிரே உள்ள வீட்டுக்குத்தான் அதிகம் போகும்.

அளந்து பார்த்தும் மனம் கேட்கவில்லையென்றால், கான்கிரீட் வீட்டில் முதலில் டவர் பார்க்கும் ஜன்னலுக்கு எவர்சில்வர் வலை, அப்புறம் அந்த ஒரே சுவருக்கு மட்டும் பெயிண்ட். ஓட்டு வீட்டில் கூரை வழியாகவே அலை வந்துவிடும், சுவரில் காசைக் கொட்டாதீர்கள். நான்கு சுவரும் கூரையும் சேர்த்து அடிக்கத் தகுந்த ஒரே இடம், ஓசூரில் எலக்ட்ரானிக் போர்டு சோதிக்கும் சின்னப் பட்டறை அறைபோல, வெளி ரேடியோ அலைகளின் இரைச்சல் உள்ளே வரவே கூடாத இடம். வாடகை வீடென்றால் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்பை மறைக்க எத்தனை கோட் வெள்ளை அடிக்க வேண்டியிருக்கும் என்று அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில் வீட்டுக்காரர் கணக்குச் சொல்வார்.