வான்கோழி வேட்டைக்கு எந்தத் தோட்டா, எந்தச் சோக்? பல பருவங்களின் அனுபவம்

மிசௌரியின் ஓசார்க் மலைக்காடுகளில் பல வசந்தங்களாக வான்கோழி வேட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் மார்க் ட்வைன் தேசிய வனத்தின் பொது நிலத்தில்தான். கையில் இருப்பவை இரண்டு ஷாட்கன் துப்பாக்கிகள்: ஒரு 12 கேஜ் ரெமிங்டன் 870, ஒரு 20 கேஜ் மாஸ்பெர்க் 500. கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. இரண்டும் பம்ப் வகை (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), இரண்டும் சாதாரண விலைக்குக் கிடைப்பவை. இவற்றில் பலவகைத் தோட்டாக்களையும் சோக்குகளையும் (குழல் வாயில் திருகிப் பொருத்தும் சுருக்கக் குழாய்கள்) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை எழுதுகிறேன். இங்கே புதிதாக வேட்டை உரிமம் எடுக்கும் தமிழ் நண்பர்கள் முதலில் கேட்பது "எந்தத் தோட்டா நல்லது?" என்றுதான். தோட்டாவை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளின், அதாவது ரவைகளின், பரவலைக் குழல், சோக், தோட்டா மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒரே மாடலின் இரண்டு குழல்கள்கூட ஒரே தோட்டாவை வேறு வேறு மாதிரி வீசும்.

வான்கோழிக்கு ஏன் இவ்வளவு யோசனை? காடையையும் புறாவையும் பறக்கும்போது சுடுகிறோம், அங்கே பரவல் அகலமாக இருப்பது நல்லது. வான்கோழிச் சேவல் நின்றுகொண்டிருக்கும் பறவை. எடை 18 முதல் 25 பவுண்டு வரை போகும். உடம்பில் கெட்டியான இறகு, தடித்த சிறகெலும்பு, கனமான மார்புச் சதை. உடம்பில் சுட்டால் அது காயத்தோடு ஓடி எங்கோ ஒரு புதரில் கிடந்து செத்துப்போகும். அதனால் குறி தலையும் கழுத்தும் மட்டுமே. மூளையும் கழுத்துத் தண்டுவடமும் மிகச் சிறிய இடம். அதில் நான்கைந்து ரவையாவது உறுதியாகப் பாய்ந்தால் பறவை நின்ற இடத்திலேயே விழும். இதற்காகத்தான் வேட்டைக்காரர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: நீங்கள் சுட நினைக்கும் அதிகபட்ச தூரத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழ வேண்டும். வழக்கமாக அந்தத் தூரத்தை 40 கஜம் என்று வைப்பார்கள். நான் இதை விட்டுக்கொடுத்ததே இல்லை. 100 விழாத தூரத்தில் அந்தச் சோக்-தோட்டா ஜோடியை வைத்துச் சுடுவதில்லை.

சோக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், இங்கேதான் குழப்பம் அதிகம். 12 கேஜ் குழலின் உள்விட்டம் பொதுவாக .729 அங்குலம். சாதாரண ஃபுல் சோக் அதிலிருந்து ஏறக்குறைய .035 அங்குலம் சுருக்கும். வான்கோழிச் சோக்குகள் இன்னும் இறுக்கமானவை. அவற்றின் மேல் .665, .650 என்று எழுதியிருப்பது சுருக்கத்தின் அளவு அல்ல, வாயின் விட்டம். உங்கள் குழலின் விட்டம் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் பயனில்லை. மாஸ்பெர்க் 835 குழலின் உள்விட்டம் .775, அதாவது 10 கேஜ் அகலம். அதற்கு .695 என்பதே இறுக்கமான வான்கோழிச் சோக். 20 கேஜில் உள்விட்டம் .615 என்பதால் .555 முதல் .575 வரை பார்க்கலாம். சோக்கைத் திருகும் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெமிங்டனின் ரெம்-சோக் மரை வேறு, வின்-சோக் மரை வேறு. என் மாஸ்பெர்க் 500-க்கு வின்-சோக் மரைதான் பொருந்தும். கடையில் துப்பாக்கியின் பெயரோடு மாடலையும் கேஜையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரவையின் எண் கூடக் கூட அளவு சிறியதாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 17-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நூறில் எத்தனை அங்குலம் என்று வரும். 5-ஆம் எண் என்றால் .12 அங்குலம், 9-ஆம் எண் என்றால் .08. மிசௌரியில் வான்கோழிக்கு 4-ஆம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது என்று சட்டம். மற்ற மாநிலங்களில் விதி மாறும், அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈயத்தோடு தொடங்கினேன், இன்றும் 12 கேஜில் ஈயம்தான். 870-இல் அதிகம் பயன்படுத்தியது வின்செஸ்டரின் லாங் பியர்ட் எக்ஸ்ஆர், 3 அங்குலத் தோட்டா, 1¾ அவுன்ஸ், 5-ஆம் எண். வேகம் நொடிக்கு 1,200 அடி. ஓர் அவுன்ஸில் ஏறக்குறைய 170 ரவை என்று கணக்கு, ஆகவே ஒரு தோட்டாவில் 300-ஐ ஒட்டி இருக்கும். இதில் ரவைகளுக்கு இடையே பிசின் ஊற்றி இறுக வைத்திருக்கிறார்கள். சுடும்போது பிசின் பொடியாகி ரவைகளுக்கு மெத்தையாகிறது. ஈயம் மென்மையான உலோகம். வெடிப்பின் அழுத்தத்தில் பின்னால் இருக்கும் ரவைகள் நசுங்கும், நசுங்கிய ரவை நேராகப் போகாமல் ஓரமாக விலகும். பிசின் அதைத் தடுக்கிறது. .665 சோக்கோடு இது 40 கஜத்தில் 10 அங்குல வட்டத்தை என் குழலில் தாராளமாக நிரப்புகிறது. இதைவிட இறுக்கமான ஒரு சோக்கைப் போட்டபோது நடு நெருக்கம் கூடவில்லை. சில தாள்களில் குறைந்தே போனது, வட்டத்துக்குள் கை அகலத்துக்கு வெற்றிடம் தெரிந்தது. மென்மையான ஈயத்தை அளவுக்கு மீறி நெருக்கினால் அது குழல் வாயிலேயே நசுங்குகிறது. இறுக்கம் கூடினால் பரவல் நெருங்கும் என்று நினைத்து .640-க்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

3½ அங்குலத் தோட்டாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2 அவுன்ஸ் ரவை, காகிதக் கணக்கில் கூடுதல். அது தோளுக்குத் தரும் உதை மிகக் கடுமை. பயிற்சிக்கு இரண்டு மூன்று சுட்டதுமே உடம்பு தானாகச் சுருங்கத் தொடங்கும், விசையை இழுக்கும்போது குழல் நகரும். 3 அங்குலமே 40 கஜத்துக்குப் போதும்போது இந்த வலி எதற்கு? யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது டி.எஸ்.எஸ். என்னும் டங்ஸ்டன் ரவை. கடந்த சில வருடங்களில் வான்கோழி வேட்டையைப் புரட்டிப் போட்டது இதுதான். ஃபெடரல் நிறுவனம் ஹெவிவெயிட் டி.எஸ்.எஸ். தோட்டாவை 2018-இல் கொண்டுவந்த பிறகு பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே தனியாகத் தோட்டா கட்டிக்கொள்பவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் என்றால் இதற்கு 18. அதனால் 9-ஆம் எண் டி.எஸ்.எஸ். ரவை ஈயத்தின் 5-ஆம் எண்ணுக்கு நிகராக ஊடுருவுகிறது. ஓர் அவுன்ஸில் இது ஏறக்குறைய 360 ரவை. என் 20 கேஜில் 1½ அவுன்ஸ் போடும்போது 500-க்கு மேல் ரவை போகிறது, 12 கேஜ் ஈயத் தோட்டாவில் இருப்பதைவிட மிக அதிகம். மாஸ்பெர்க்கில் .565 சோக்கோடு 40 கஜத்தில் வட்டம் கறுத்துவிடுகிறது. டங்ஸ்டன் நசுங்காது, அதனால் சோக் இறுக்கத்தைப் பற்றி ஈயம் அளவுக்கு அலட்டிக்கொள்ளாது. மிதமான இறுக்கமே போதும்.

என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய நன்மை தூரம் இல்லை, எடை. 20 கேஜ் துப்பாக்கி இலேசானது. மலைச்சரிவில் விடிவதற்கு முன் ஏறும்போதும், மரத்தில் சாய்ந்து முழங்கால் மேல் குழலை வைத்து நெடுநேரம் அசையாமல் காத்திருக்கும்போதும் அந்த வித்தியாசம் தெரிகிறது. .410 என்னும் மிகச் சிறிய குழல் துப்பாக்கியே வான்கோழிக்குப் பொருத்தமாகிவிட்டது என்றால் அதற்கு டி.எஸ்.எஸ். மட்டுமே காரணம். 3 அங்குல .410 தோட்டாவில் 13/16 அவுன்ஸ், 9-ஆம் எண். பிள்ளைகளுக்கும் உதைக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இது உண்மையான வரம். சில மாநிலங்களில் .410-க்கு அனுமதி இல்லை, அதை மட்டும் கவனியுங்கள்.

விலைதான் இடிக்கிறது. ஈயத் தோட்டா ஒன்றுக்கு இரண்டு, மூன்று டாலர் என்றால் டி.எஸ்.எஸ். ஒன்று 10 டாலரைத் தாண்டும். உலகின் டங்ஸ்டனில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் இது மலிவாகும் என்று நான் காத்திருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. டி.எஸ்.எஸ். வாங்க முடியாவிட்டால் பிஸ்மத் இருக்கிறது, ஆனால் அதன் அடர்த்தி 9.6 தான். தூரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம். எல்லோரும் 40 கஜம், 50 கஜம் என்றே பேசுகிறார்கள், அருகில் என்ன ஆகிறது என்று பார்ப்பவர் குறைவு. ஓசார்க் காட்டில் சேவல் பல சமயம் 15 கஜத்துக்குள் வந்து நிற்கும். அந்தத் தூரத்தில் இறுக்கமான சோக்கும் டி.எஸ்.எஸ்.-உம் சேர்ந்து தருவது முஷ்டி அளவுப் பரவல். ரவை முழுவதும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் போகிறது. சேவல் நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்திலேயே குறி முழுதாகத் தவறிவிடும். பக்கத்தில் நிற்கும் பெரிய பறவையைத் தவறவிட்டார்கள் என்று கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. அதனால் தாளில் 40 கஜத்தோடு 10, 15, 25 கஜங்களிலும் சுட்டுப் பாருங்கள். அருகில் வரும் வாய்ப்பு அதிகமுள்ள அடர்ந்த காட்டுக்கு நான் ஈயமும் சாதாரண ஃபுல் சோக்கும் போட்ட துப்பாக்கியை எடுத்துப் போவது இதனால்தான். வயல் ஓரத்தில் உட்காரும் நாளில்தான் இறுக்கமான ஜோடி.

இதனாலேயே குழல் மேல் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) போடச் சொல்வேன். குழல் முனையில் இருக்கும் வெறும் மணிக்குறியோடு கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாலும் குறி மேலே போய்விடும். பரவல் முஷ்டி அளவாக இருக்கும்போது அந்தப் பிழைக்கு மன்னிப்பில்லை. அப்புறம், பல குழல்கள் பார்த்த இடத்தில் சுடுவதில்லை, பரவலின் மையம் மேலேயோ இடதுபக்கமோ விலகியிருக்கும். மணிக்குறியில் இதைத் திருத்த வழியில்லை, ரெட் டாட்டில் இருக்கிறது.

தாளில் சுடும் முறை இது. முதலில் மலிவான புறாத் தோட்டாவை வைத்து 15 அல்லது 20 கஜத்தில் ரெட் டாட்டைத் தோராயமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். விலையுயர்ந்த தோட்டாவை இதில் வீணாக்காதீர்கள். பிறகு உறுதியான மேசை, மணல் மூட்டை, தோளுக்குத் திண்டு. மூன்றடி அகலத் தாளை 40 கஜத்தில் நிறுத்தி, நடுவில் சிறிய புள்ளி வைத்து, வேட்டைத் தோட்டாவைச் சுடுங்கள். அடுத்தது முக்கியம்: ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். அந்த வட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியது என்று தனியாக அளந்துகொள்ளுங்கள். நெருக்கம் சோக்கும் தோட்டாவும் தருவது, விலகல் குறியில் திருத்த வேண்டியது. இரண்டையும் கலந்தால் நல்ல ஜோடியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். ஒரே தாளை நம்ப வேண்டாம். ஈயத்தில் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

காட்டில் உட்கார்ந்ததும் ரேஞ்ச்ஃபைண்டரால் சுற்றியிருக்கும் இரண்டு மூன்று மரங்களின் தூரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். சேவல் வந்த பிறகு கையை அசைக்க முடியாது, அதன் கண் அவ்வளவு கூர்மை. தோகையை விரித்து ஆடும்போது கழுத்து உடம்புக்குள் இழுபட்டிருக்கும், அப்போது சுடக் கூடாது. நாம் வாயில் வைத்திருக்கும் ஒலிக் கருவியால் சட்டென்று ஒரு கூர்மையான ஒலி எழுப்பினால் தலையைத் தூக்கி நீட்டும். கழுத்தில் இறகு முடிந்து தோல் தொடங்கும் இடம்தான் குறி. டி.எஸ்.எஸ். 60 கஜத்திலும் கொல்லும் என்று விளம்பரம் செய்கிறார்கள். என் எல்லை 40 கஜம், எந்த ரவை போட்டாலும் அதுதான். தூரம் கூடக் கூட காட்டில் தூரத்தைக் கணிப்பதில் பிழை கூடும், இடையில் ஒரு மெல்லிய கிளை இருந்தாலே போதும். காயப்பட்ட பறவைக்குத்தான் அந்தப் பிழையின் விலை.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. வான்கோழிச் சோக்கில் எஃகு ரவை போடவே கூடாது, ஒற்றைக் குண்டாக வரும் ஸ்லக்கும் கூடாது. சோக் பிளக்கலாம், குழல் வீங்கலாம். மான் பருவத்துக்கு அதே துப்பாக்கியை எடுப்பவர்கள் முதலில் சோக்கைக் கழற்றுங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஒவ்வொரு நாளும் சுடுவதற்கு முன் கையால் இறுக்கிப் பார்ப்பது என் வழக்கம். சில தோட்டாவுக்குப் பிறகு தானாகத் தளர்கிறது.

12 கேஜ் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது, இந்த வசந்தத்துக்குத் தயாராக வேண்டும் என்றால் இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்: .665 சோக் ஒன்று, ஈயம் 5-ஆம் எண்ணில் இரண்டு பெட்டி, பெரிய தாள், அப்புறம் ரெட் டாட். டி.எஸ்.எஸ். பணத்தைப் பிள்ளைக்கு 20 கேஜ் வாங்கும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.