டவர் எட்டாத சரிவுக்கு ஏற்ற ஆப்: நீலகிரியில் ஆன்கிட்ராய்டு எப்படி?

குந்தா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் வீடு. தொலைநிலைக் கல்வியில் டிகிரி படிக்கும் ஒருவர், ஆங்கிலம் பழகும் பிள்ளை ஒன்று, கையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன். இந்த நிலைமைக்கு ஒரே ஒரு ஆப் சொல்லச் சொன்னால் தயங்காமல் ஆன்கிட்ராய்டைச் சொல்வேன். கேள்வி-பதில் கார்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்தும் ஆப் இது. வீடியோ பாடங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலை மடிப்புக்குள் டவர் எட்டாது. ஆடிக் காற்றில் மரம் விழுந்தால் கரண்டும் போய்விடும். இந்த ஆப்புக்கு நிறுவும்போது ஒருமுறை நெட் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை குன்னூருக்கோ கூடலூருக்கோ சந்தைக்குப் போகும்போது சிங்க் செய்தால், அதாவது போனில் உள்ள கார்டுகளை நெட்டில் உள்ள உங்கள் கணக்கோடு ஒத்துப்போகச் செய்தால் போதும்.

இலவசம், விளம்பரம் கிடையாது. பிளே ஸ்டோரில் கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு ஆப்களும் வரும், அவற்றில் சில காசு கேட்கும். கீழே 'ஆன்கிட்ராய்டு ஓப்பன் சோர்ஸ் டீம்' என்று இருப்பதைப் பார்த்து நிறுவுங்கள்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலை மனதில் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும். நினைவில் நின்ற கார்டு நாள் தள்ளி வரும், மறந்தது உடனே திரும்பி வரும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பதில் வரவில்லை என்றால் அகெய்ன்தான். 'கொஞ்சம் ஞாபகம் இருந்த மாதிரி இருந்தது' என்று ஹார்டை அழுத்தினால், நீங்கள் சரியாகச் சொன்னதாகவே ஆப் கணக்கு வைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் தெரியாத கார்டெல்லாம் தெரிந்ததாக எங்கோ தள்ளிப் போயிருக்கும்.

கார்டுகளின் கட்டுக்கு டெக் என்று பெயர். நிறுவியதும் முதல் வேலை, டெக் ஆப்ஷன்ஸில் புதுக் கார்டு எண்ணிக்கையைக் குறைப்பது. அது நாளுக்கு 20 என்று வரும். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் தினம் 20 சேர்த்துக்கொண்டே போனால், சில வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியவை மட்டும் நாளுக்கு 200 பக்கம் வந்து நிற்கும். பச்சைத் தேயிலை பறித்துவிட்டு வரும் பெண்ணோ, பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளையோ அதைப் பார்த்தால் ஆப்பையே மூடிவிடுவார்கள். 5 போதும். அப்போது திருப்பிப் பார்க்க நாளுக்கு ஏறக்குறைய 50 கார்டுதான் வரும், பத்து நிமிடத்துக்குள் முடியும். பரீட்சை நெருங்கும்போது இந்த எண்ணை ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்த நேரத்தில் புதுக் கார்டைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழையதை மட்டும் ஓட்டுங்கள்.

கார்டு எழுதுவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 'பஞ்சாயத்து ராஜ் வளர்ச்சியை விளக்குக' என்று ஒரு கார்டு போட்டால் அது ஒருநாளும் நினைவில் நிற்காது. அதையே உடைத்துப் போடுங்கள்: மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்த குழு எது? பல்வந்த்ராய் மேத்தா குழு, 1957. இரண்டடுக்கு போதும் என்றது? அசோக் மேத்தா குழு, 1978. 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள்? 1993 ஏப்ரல் 24. ஒரு கார்டுக்கு ஒரு பதில். பெரிய கேள்விக்கு விடை எழுதும் பயிற்சியை நோட்டில்தான் செய்ய வேண்டும். இந்த ஆப் அதைத் தராது.

ஆங்கிலத்துக்கு வேறு வழி. முன்பக்கம் 'பார்' என்று போட்டால் ஸீ, லுக், வாட்ச் மூன்றுமே சரி. பிள்ளை ஒன்றைச் சொல்ல, கார்டு இன்னொன்றைக் காட்டும். அதனால் தனிச் சொல்லை விட்டுவிட்டு முழு வாக்கியமாகப் போட்டு, ஒரு சொல்லை மட்டும் மறைக்கும் க்ளோஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். 'அப்பா டிவி பார்க்கிறார்' என்றால் வாட்ச் ஒன்றுதான் பொருந்தும். உச்சரிப்புக்கு, போன் செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதிக்குப் போய் இந்திய ஆங்கிலக் குரலை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே போன் வாசித்துக் காட்டும். வைஃபை கிடைக்கும் இடத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த மலைக்கு இந்த ஆப் தரும் பெரிய உதவி ஆங்கிலம் அல்ல, படுகு, தோடா, கோத்தா, இருளர் மொழிகள். இவற்றுக்கு எந்தப் போனிலும் ஆயத்தக் குரல் கிடையாது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்தாலும் ஒலி பாதிதான் வரும். படுகில் நாக்கை வளைத்துச் சொல்லும் உயிரொலிகளை மொழியியலாளர் எமனோ 1939இலேயே பதிவு செய்திருக்கிறார். அவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லை. தோடாவில் நாக்கு அதிரும் ரகர ஒலிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. எனவே குரலைத்தான் பதிய வேண்டும். கார்டு எழுதும் திரையில் உள்ள கிளிப் குறியைத் தொட்டால் ஆடியோ பதியும் வசதி வரும். முன்பக்கம் படமோ தமிழ்ச் சொல்லோ, பின்பக்கம் ஹட்டியில் (படுகர் ஊரில்) உள்ள பாட்டியின் குரல். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் மூச்சுக் காற்று அடித்துச் சொல் கெடும். தகரக் கூரையில் மழை விழும் நேரம் வேண்டாம். முதலில் தனிச் சொல், பிறகு அது வரும் ஒரு வாக்கியம். பதிவது எதற்கு, யாருக்கெல்லாம் போகும் என்பதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

இந்த டெக்கை மற்றவர்களுக்குக் கொடுக்க நெட்டும் வேண்டாம். டெக்கை அழுத்திப் பிடித்து எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் ஃபைலைப் புளூடூத்தில் அனுப்பலாம். அங்கே இரண்டு டிக் பெட்டிகளைக் கவனியுங்கள். மீடியா டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் போகாது. ஷெட்யூலிங் டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் நினைவுக் கணக்கு அடுத்தவர் தலையில் ஏறும்.

குறைகளும் உண்டு. ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கு போடும் வீட்டில் இது சிரமம் தரும். அண்ணன் சரியாகச் சொன்ன கார்டு தங்கைக்கு வராது. அதே டெக்கை இரண்டாவது முறை இறக்கினாலும் புதிதாக உண்டாகாது, இருப்பதோடு சேர்ந்துவிடும். போனில் 'மல்டிபிள் யூசர்ஸ்' வசதி இருந்தால் ஆளுக்கொரு கணக்கு வைப்பதே ஒழுங்கான வழி. விலை குறைந்த பல போன்களில் அது இருக்காது. வாங்கும் முன் கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, இதைவிடக் கடுமையானது. பிளே ஸ்டோரிலிருந்து நிறுவிய ஆப்பை அழித்தால் கார்டுகளும் போகும். அது தானாக எடுத்து வைக்கும் பேக்கப்பும் அதே இடத்தில் இருப்பதால் அதுவும் சேர்ந்து போகும். மெமரி நிரம்பிவிட்டது என்று பிள்ளைகள் ஆப்களை அழிப்பது சாதாரணமாக நடக்கிறது. கார்டுகளை நெட்டில் சேமித்து வைக்கும் ஆன்கிவெப் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து சிங்க் செய்து வையுங்கள். புதுப் போனுக்கு மாறும்போது முதல் வேலையாகச் சிங்க் செய்யுங்கள், கார்டு எழுதுவது அதற்குப் பிறகுதான். மாற்றிச் செய்தால் எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று கேட்கும். அவசரத்தில் 'அப்லோடு' கொடுத்தால் சர்வரில் இருந்த பழையது முழுதும் அழியும். டேட்டா குறைவென்றால், சிங்க் செட்டிங்ஸில் மீடியாவை வைஃபையில் மட்டும் எடுக்கும்படி வைக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அவர்கள் பிரவுசரில் ஆன்கிவெப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதற்கு நெட் வேண்டும். மேலே ஊட்டியில் நல்ல சிக்னலோடு இருப்பவர்களுக்கு அது போதும்; கீழே சரிவில் இருப்பவர்கள் ஆண்ட்ராய்டையே பார்க்கட்டும்.