பழைய சென்டார் படகுக்குப் புது உட்கூரையும் புது வயரிங்கும்: பட்டறை வேலை எப்படி?

வெஸ்டர்லி சென்டார் 26 அடி நீளமுள்ள பாய்மரப் படகு. இங்கிலாந்தில் 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அடியில் இரண்டு ஏராக்கள் (படகின் அடியிலிருந்து கீழே நீண்டிருக்கும் கனமான தகடுகள்) இருப்பதால், கடல்நீர் வற்றும்போது சேற்றின் மேல் சாயாமல் நிற்கும். என்னுடைய 1974ஆம் ஆண்டுப் படகின் உள்ளறையையும் வயரிங்கையும் புதுப்பிக்க, சென்ற குளிர்காலத்தில் தென் இங்கிலாந்துப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

இவ்வகைப் படகுகளுக்கு வயதானால் உட்கூரையின் வினைல் துணி தொங்கத் தொடங்கிவிடும். துணிக்குப் பின்னால் உள்ள மெல்லிய நுரை பொடிந்து, பிசுக்குப் பிடித்த மாவைப் போல் தலையில் கொட்டும். பட்டறையினர் துணியை உரித்து, ஃபைபர் கிளாஸில் ஒட்டியிருந்த தூளைப் பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தெடுக்கவே மூன்று நாள் பிடித்தது. அதன்பின் புது வினைலைக் கூரையில் நேரடியாக ஒட்டாமல், மெல்லிய பிளைவுட் பலகைகளில் இழுத்துச் சுற்றி, மரச்சட்டங்களில் திருகாணிகளால் பொருத்தினார்கள். தலைக்கு மேலிருந்த இடம் சற்றே குறைந்தது, எனக்கு அது பொருட்டில்லை. விளக்கு வயர்கள் கூரைக்குப் பின்னால்தான் ஓடுகின்றன என்பதால், பழுது வந்தால் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும் என்ற வசதிக்காகவே இந்த வேலையை மெச்சுகிறேன்.

பழைய வயர்களைப் பிடுங்கியபோது ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். முனையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உறையைச் சீவியும் செம்பு கரிபோல் கறுத்தே இருந்தது. உப்பு ஈரம் அவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருந்தது. புதிதாகப் போட்டவை வெள்ளீயம் பூசிய செம்பு வயர்கள். இணைப்புகளில் பசையுள்ள சுருங்கும் உறைகளை மாட்டி, ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் எண் ஒட்டி, பேட்டரிக்கு மிக அருகிலேயே முதன்மை ஃப்யூஸையும் வைத்திருக்கிறார்கள். முன்பு அந்த இடத்தில் ஃப்யூஸே கிடையாது என்பதை நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

குறை பாய்மரத்தின் உச்சி விளக்கில் இருந்தது. அங்கிருந்தது 25 வாட் பல்பு, அதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தார்கள். வயர் போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய 30 மீட்டர். மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட, விளக்கில் 11.8 தான் வந்தது. வழிகாட்டும் விளக்குகளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் விதி, இங்கே அதைப்போல் இரு மடங்கு போனது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் விதிக்குள் அடங்கியிருக்கும். கேட்டதற்கு, எல்.இ.டி. பல்பு மாட்டினால் பத்தில் ஒரு பங்கு மின்சாரமே போதும் என்றார்கள். அது சரிதான், ஆனால் அதை வயர் இழுப்பதற்கு முன்பல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

எல்.இ.டி. பல்பை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். கூரை வேலைக்கென்றால் மறுபடியும் அவர்களிடமே போவேன். மின்வேலைக்குப் போனால், எந்த விளக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் வயர் என்பதை எழுதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுப்பேன்.