‘1810’ என்று அட்டை எழுதி விற்கப்பட்ட டிகேன்டர்கள்: பட்டை தீட்டிய ஆங்கிலக் கண்ணாடி வாங்குவோர் கவனத்திற்கு

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் பட்டை தீட்டிய ஈயக் கண்ணாடியை வாங்கிச் சேர்ப்பவர்கள் வேறு யாரும் என்னைப் போல் ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். மிட்லண்ட்ஸ் பகுதிச் சந்தை ஒன்றில் நெடுங்காலமாகக் கடை விரித்துவரும் வியாபாரி ஒருவர், ‘மூன்றாம் ஜார்ஜ் காலம், சுமார் 1810’ என்று கையால் எழுதிய அட்டையோடு ஒரு சோடி டிகேன்டர்களை, அதாவது மது ஊற்றிவைத்துப் பரிமாறும் மூடியுள்ள கண்ணாடிக் குடுவைகளை, 520 பவுண்டுக்கு எனக்கு விற்றார். அவை இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், பழைய பாணியைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட பொருள்களைச் செய்ததில் எந்தக் குற்றமும் இல்லை. அவற்றில் பல மிக நேர்த்தியானவை, அவற்றின் உண்மையான காலத்தைச் சொல்லி விற்கும் நேர்மையான கடைகளில் ஒரு சோடி நூறு பவுண்டுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. நான் குற்றம் சொல்வது அவற்றின் வயதை மாற்றுவதற்காகச் செய்யப்பட்ட வேலையைத்தான்.

அந்த வியாபாரி சொன்ன வரலாறு முழுவதும் உண்மை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் ஈயக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றதையும், 1745இல் கண்ணாடியின் எடைமீது விதிக்கப்பட்ட வரி 1845இல்தான் நீக்கப்பட்டதையும் அவர் தவறில்லாமல் சொன்னார். பிறகு டிகேன்டரின் விளிம்பை விரலால் தட்டி, நீண்டு ஒலித்த மணியோசையைக் கேட்கச் செய்து, கையில் கொடுத்து எடையையும் உணரச் செய்து, இவையே அதன் பழமைக்குச் சான்று என்றார். இந்த இடத்தில்தான் வாங்குவோர் மிகவும் விழிப்போடு இருக்க வேண்டும். ஓசையும் எடையும் கண்ணாடியில் ஈயம் இருப்பதை மட்டுமே காட்டுகின்றன. அது எப்போது செய்யப்பட்டது என்பதைக் காட்டுவதில்லை. ஸ்டூர்பிரிட்ஜ் வட்டாரத்தின் ஸ்டூவர்ட், தாமஸ் வெப் போன்ற தொழிற்சாலைகள் 20ஆம் நூற்றாண்டிலும் சுமார் 30 விழுக்காடு ஈய ஆக்சைடு கலந்தே வார்த்தன. சாதாரணச் சோடாக் கண்ணாடியின் அடர்த்தி 2.5ஐ ஒட்டியும், முழு ஈயப் படிகக் கண்ணாடியின் அடர்த்தி 3.0 அல்லது அதற்கு மேலும் இருக்கும். ஆகவே நீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தால்கூட 1810ஆம் ஆண்டுப் பொருளும் 1935ஆம் ஆண்டுப் பொருளும் ஒரே விடையைத்தான் தரும்.

காலத்தை மேற்பரப்பில் தேட வேண்டும். பழைய முறையில் இரும்புச் சக்கரத்தின்மீது மணலும் நீரும் சொட்டவிட்டுப் பட்டையைக் கரடாக வெட்டி, மணற்கல் சக்கரத்தில் மென்மையாக்கி, மரச் சக்கரத்திலும் தக்கைச் சக்கரத்திலும் மெருகுப் பொடியிட்டுப் பளபளப்பேற்றினார்கள். பூதக்கண்ணாடியால் பார்த்தால், அந்த முறையில் செய்த பொருளின் பள்ளங்களில் சக்கரம் ஓடிய மெல்லிய கோடுகள் அங்கங்கே எஞ்சியிருக்கும். பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் விரலை உறுத்தும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரவிய அமில மெருகு வேறு விதமானது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் பொருளை முக்கியெடுக்கும்போது மேற்பரப்பு மிக மெல்லியதாகக் கரைவதால், ஆழமான பள்ளத்தின் அடிவரை ஒரே சீரான பளபளப்பு வருகிறது, விளிம்புகளும் சற்றே உருகியவைபோல் மழுங்கிவிடுகின்றன. என் டிகேன்டர்கள் இரண்டிலும் இருந்தது இந்த அமில மெருகு. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூடத்திலும், 2022இல் வேர்ட்ஸ்லியில் திறக்கப்பட்ட ஸ்டூர்பிரிட்ஜ் கண்ணாடி அருங்காட்சியகத்திலும் அக்காலப் பொருள்களைப் பார்த்துப் பழகியவர்களின் கண்ணுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்.

அடிப்பகுதியில் செய்யப்பட்டிருந்த வேலை இதைவிட மோசமானது. நூற்றாண்டுக்கணக்கில் மேசைமீது வைத்து எடுக்கப்பட்ட கண்ணாடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசைகளிலும் ஓடும் ஒழுங்கற்ற நுண்கீறல்கள் இருக்கும். என்னிடம் வந்தவற்றிலோ கீறல்கள் ஒரே திசையில், சம இடைவெளியில், தரையைத் தொடாத உட்குழிவிலும் இருந்தன. உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலன்றி அப்படி வராது. அடியில் நட்சத்திர வடிவில் வெட்டியிருந்த பட்டைக்கு அருகே சிறு நகத்தளவு இடம் மட்டும் லேசாகத் தாழ்ந்து, சுற்றியிருந்த பரப்பிலிருந்து மாறுபட்ட மினுமினுப்போடு இருந்தது. 1920களிலிருந்து ஆங்கிலத் தொழிற்சாலைகள் தம் பெயரை அமிலத்தால் பொறித்த இடம் பெரும்பாலும் அடிப்பகுதிதான். யாருடைய பெயர் அங்கே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பது, பணம் போனதைவிட அதிகமாக என்னை வருத்துகிறது. ஒரு தொழிலாளர் கூட்டத்தின் உழைப்புக்கு இருந்த ஒரே அடையாளத்தை லாபத்துக்காக அழித்திருக்கிறார்கள்.

வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவி உலரவைத்த மறுநாள் இன்னொன்றும் வெளிப்பட்டது. சந்தையில் தெளிவாகத் தெரிந்த ஒரு டிகேன்டரின் உட்புறம் முழுவதும் பால் படலம்போல் மங்கியிருந்தது. ஈரம் நெடுநாள் தங்கிக் கண்ணாடியையே அரித்ததால் வரும் இந்த மங்கலை எந்தச் சோப்பும் நீக்காது. ஆனால் உள்ளே மெல்ல எண்ணெய் பூசினால் அது தற்காலிகமாக மறைந்துவிடும். ஆகவே வாங்குமுன், குச்சியில் சுற்றிய வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூடியையும் பாருங்கள்: மூடியின் தண்டிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறிவைப்பது பட்டறைகளில் வழக்கம். என் சோடியில் ஒன்றின் மூடியில் 7 என்றும் கழுத்தில் 12 என்றும் இருந்தது.

வியாபாரியிடம் எழுத்தில் முறையிட்டபோது, ‘பார்த்து வாங்கியது’ என்று, அதாவது பிறகு குறை சொல்லக் கூடாது என்ற பொருளில், கடையில் பலகை இருப்பதாகவும், ரசீதில் ‘கண்ணாடி டிகேன்டர், ஒரு சோடி’ என்பதைத் தவிர எதுவும் எழுதப்படவில்லை என்றும், தம் சொந்தச் சேகரிப்பிலிருந்தே அவற்றை விற்றதாகவும் பதில் அனுப்பினார். இந்த மூன்றும் பலரை வாயடைக்கச் செய்யும் பதில்கள், மூன்றும் நிற்காதவை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் விவரித்தபடி இல்லையெனில், அது பழைய பொருளாக இருந்தாலும், 30 நாள்களுக்குள் திருப்பித் தந்து முழுப்பணத்தையும் கேட்கலாம். எந்தப் பலகையும் அந்த உரிமையைப் பறிக்காது. அட்டையோடு சேர்த்து டிகேன்டர்களை வாங்கும் முன்பே நான் படமெடுத்திருந்தேன். ஏல நிறுவனம் ஒன்றின் கண்ணாடி வல்லுநரிடம் எழுத்து மூலமான கருத்தும் பெற்றேன். அதன் பிறகும் அவர் மறுத்ததால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் கடன் அட்டை நிறுவனத்திடம் சென்றேன். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளைக் கடன் அட்டையால் வாங்கினால், விற்றவருக்கு உள்ள பொறுப்பு அட்டை நிறுவனத்துக்கும் உண்டு. பணம் முழுவதும் திரும்பி வந்தது.

அந்த மனிதர் இன்னும் கடை போடுகிறார்; மேசையில் வேறு ‘1810’ அட்டைகளும் இருக்கின்றன. மிட்லண்ட்ஸ் சந்தைகளில் கழுத்தில் மூன்று வளையங்களும் காளான் வடிவ மூடியும் கொண்ட டிகேன்டர்களை அண்மையில் வாங்கியவர்கள், அடிப்பகுதியை இன்றே பூதக்கண்ணாடியால் பாருங்கள். 30 நாள் கடந்திருந்தாலும் விட்டுவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.