புதிய 8 ஜிபியா, பழைய 16 ஜிபியா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

கையில் இருக்கும் பணத்துக்குப் புதிதாக என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு ஒன்றை வாங்கலாம். அதே பணத்தோடு செகண்ட் ஹேண்ட் பக்கம் போனால் அதே நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3080, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6800 போன்றவை கண்ணில் படும். ஒரு காலத்தில் எட்டாக்கனியாக இருந்த கார்டுகள் அவை. எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பணம் கொடுக்கும் முன் அந்தப் பழைய கார்டை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் மேலே பேசலாம். முடியாது என்றால் புதியதையே வாங்குங்கள்.

இப்படிக் கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் பழைய கார்டு வாங்கியபோது, விற்றவர் டெஸ்க்டாப் வரும்வரை மட்டும் காட்டினார். திரை பளிச்சென்று வந்தது, வாங்கிக்கொண்டேன். வீட்டில் கேம் போட்டு இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வானத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் மின்னத் தொடங்கின. சற்று நேரத்தில் திரை இருண்டது. ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைந்தது. ஆறவைத்துப் போட்டால் மறுபடி இருபது நிமிடம் நன்றாக ஓடும். சூடேறினால்தான் வெளிப்படும் மெமரிக் கோளாறு அது. டெஸ்க்டாப்பை எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் தெரியாது.

ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2025 மே மாதம் வந்த 5060-இல் 8 ஜிபி மெமரி, அந்த மெமரியிலிருந்து தரவு வர 128 பிட் பாதை, 145 வாட் மின்தேவை. 2020 செப்டம்பரில் வந்த 3080-இல் 10 ஜிபி, 320 பிட், 320 வாட். அதே ஆண்டு நவம்பரில் வந்த 6800-இல் 16 ஜிபி, 256 பிட், 250 வாட். புதியதில் இருப்பது ஜிடிடிஆர்7 மெமரி என்பதால் குறுகிய பாதையிலும் நொடிக்கு 448 ஜிபி தரவு ஓடுகிறது. ஆனாலும் 6800-இன் 512-ஐயோ 3080-இன் 760-ஐயோ அது எட்டவில்லை. ஒளியின் போக்கைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் இல்லாத கேம்களில் 3080 தெளிவாக முந்தும், 6800 சளைக்காமல் ஈடுகொடுக்கும். ரே டிரேசிங் போட்டால் 6800 திணறும். அதை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

இந்த எண்களில் நான் அதிகம் பார்ப்பது மெமரியைத்தான். வி-ரேம், அதாவது கார்டின் மெமரி, நிரம்பும்போது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) என்ற சராசரி பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே நிற்கும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறுவது அதனால்தான். கேமுக்குள் ஒரு கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது அரை நொடி படம் உறையும். சுவரின் டெக்ஸ்சர் மெழுகு பூசியதுபோல மங்கலாக வந்து, பக்கத்தில் போய் நின்ற பிறகு மெல்லத் தெளியும். வி-ரேமில் இடமில்லாத தரவு கணினியின் ரேமில் போய் உட்கார்ந்து, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டியிருப்பதால் ஏற்படும் தாமதம் அது. 5060 அந்த வழியில் 8 லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் பரவாயில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 உள்ள பழைய போர்டில் செருகினால் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான் வரும். 3080, 6800 இரண்டும் 16 லேன் கார்டுகள் என்பதால் அதே போர்டில் அவற்றுக்கு இரண்டு மடங்கு வழி உண்டு. இருக்கிற பழைய கணினிக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

புதியதன் பக்கம் நிற்கும் பெரிய பலம் ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது இடைப்பட்ட ஃபிரேம்களைக் கார்டே ஊகித்து உருவாக்குவது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருளில் உள்ள அப்ஸ்கேலிங், அதாவது சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வசதி, 20 வரிசை முதல் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் வேலை செய்யும். ஆக 3080-க்கும் அது கிடைக்கும். ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் வரை கூடுதலாக உருவாக்கும் வசதி 50 வரிசையோடு வந்தது, 3080-இல் கிடையாது. எனக்கு அதில் முழு மனம் ஒப்பவில்லை. அடிப்படை வேகம் நொடிக்கு 60 ஃபிரேம் பக்கம் இருந்தால்தான் அது கைக்கு இதமாக இருக்கிறது. 30-ஐ 100 ஆக்கிக் காட்டினாலும் மவுஸை நகர்த்தும்போது அந்த 30-இன் கனம் கையில் தெரியும். அதுபோக, ஃபிரேம் ஜெனரேஷனும் வி-ரேமில் பங்கு கேட்கும். ஆடுவதைப் பதிவு செய்து வெளியிடுகிறவர்கள் மட்டும் புதியதையே எடுங்கள். வீடியோவைச் சிறிய அளவில் சுருக்கும் ஏவி1 என்கோடிங் 3080-இலும் இல்லை, 6800-இலும் இல்லை.

பவர் சப்ளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5060-க்கு என்விடியா சொல்லும் அளவு 550 வாட், 3080-க்கு 750. அதிலும் 3080 கண நேரத்துக்குச் சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும் சுபாவம் உள்ளது; தரம் குறைந்த சப்ளை அந்த நொடியில் கணினியையே அணைத்துவிடும். புது சப்ளையும் வாங்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் பழைய கார்டின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். சப்ளை போதும், போர்டு பழையது, 1440பி மானிட்டர் என்றால் நான் 6800 பக்கம்தான் போவேன்.

கிரிப்டோ நாணயம் ஈட்ட விடாமல் ஓட்டிய மைனிங் கார்டா என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனது. குவியல் குவியலாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. பொதுவாக அவற்றின் சிப்பை மின்சாரம் குறைத்துத்தான் ஓட்டினார்கள். அடி வாங்கியது மெமரியும், அதன் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேடும், ஃபேனும்தான். அந்த மூன்றும் சோதனையில் தேறினால் மைனிங் கார்டு என்பதற்காக மட்டும் ஒதுக்க மாட்டேன்.

வயதுக்கு ஒரு கோடு போடுகிறேன். ஜிடிஎக்ஸ் 10 வரிசை வேண்டாம். 1080 டிஐ-யில் 11 ஜிபி இருந்தாலும் ரே டிரேசிங் வன்பொருள் கிடையாது. அது இல்லாமல் ஓடாத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. புதிய கேம்களுக்கான டிரைவரும் அந்த வரிசைக்கு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

சோதனைக்கு வருவோம். முதலில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து பெயரையும் மெமரி அளவையும் பாருங்கள். கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றிய போலிகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். பிறகு கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் பத்து நிமிடம், கனமான ஒரு கேம் இருபது நிமிடம். சிப்பின் வெப்பத்துக்கும் அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட் ஸ்பாட் வெப்பத்துக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 30-ஐத் தொட்டால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. 3080-இல் மெமரி வெப்பத்தையும் பாருங்கள். 110 டிகிரியை எட்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட் மாற்றாமல் அதை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. ஃபேன் வேகம் ஏறும்போது காதைக் கொடுங்கள். பேரிங் போயிருந்தால் கரகரவென்று அரைக்கும் சத்தம் வரும். சூடு ஆறுவதற்குள் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கார்டில் உள்ள எல்லா டிஸ்ப்ளே போர்ட்டையும் எச்டிஎம்ஐ-யையும் ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிப் பாருங்கள்.

கடைசியில் பில். சில நிறுவனங்கள் சீரியல் நம்பரை மட்டும் பார்த்து வாரண்டி தருகின்றன. சில, முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்கின்றன. கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.